இஸ்போசேத்: தாவீதுக்கு எதிரே உட்கார வைக்கப்பட்ட ராஜா (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஞாயிறு பள்ளியில் இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல் கில்போவா மலையில் செத்ததைச் சொல்வார்கள், அடுத்த வாரமே தாவீது எருசலேமில் ராஜாவாக இருப்பான். நடுவில் ஏழரை வருஷம் என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. அது 2 சாமுவேல் 2 முதல் 4 வரை உள்ள மூன்று அதிகாரங்களில் இருக்கிறது. வேதபாட வகுப்பில் அந்த அதிகாரங்களை எடுக்கும்போதெல்லாம் இஸ்போசேத்தைப் பற்றி ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன, அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெயர்களை நம் பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ளபடியே கொடுத்திருக்கிறேன்.

இந்த இஸ்போசேத் யார்?

சவுலின் மகன். பெலிஸ்தரோடு நடந்த கடைசி யுத்தத்தில் சவுலும் அவன் மகன்கள் யோனத்தான், அபினதாப், மல்கிசூவா மூவரும் ஒரே நாளில் விழுந்தார்கள். பெலிஸ்தர் சவுலின் உடலை பெத்சான் பட்டணத்து மதிலில் தொங்கவிட்டார்கள், யாபேஸ் கீலேயாத்தின் மனுஷர் ராத்திரியில் நடந்து போய் அதை இறக்கிக் கொண்டுவந்தார்கள். அப்படிச் சிதறிப்போன ஒரு வீட்டில் மிஞ்சிய மகன் இவன். யுத்தத்துக்குப் போய்த் தப்பினானா, வீட்டிலேயே இருந்தானா என்று வேதம் சொல்லவில்லை. சவுல் உயிரோடிருந்த காலத்துக் கதைகளில் யோனத்தான் அத்தனை இடத்தில் வருகிறான், இஸ்போசேத் என்ற பெயர் ஒரு இடத்திலும் வராது. 1 சாமுவேல் 14:49-ல் சவுலின் மகன்கள் பட்டியலில் இஸ்வி என்று ஒரு பெயர் இருக்கிறது, அது இவன்தான் என்று சிலர் நினைக்கிறார்கள்.

இவன் எப்படி ராஜாவானான்?

இவன் ஆகவில்லை, ஆக்கப்பட்டான். 2 சாமுவேல் 2:8-9-ஐ நிறுத்தி வாசித்துப் பாருங்கள். சவுலின் படைத்தலைவனாகிய நேரின் குமாரன் அப்னேர் இவனைக் கூட்டிக்கொண்டு போனான், மகனாயீமுக்குக் கொண்டுவந்தான், ராஜாவாக்கினான். வினையெல்லாம் அப்னேருடையது. இஸ்போசேத் ஒப்புக்கொண்டானா, தயங்கினானா என்று ஒரு சொல் கிடையாது. ஜனங்கள் கூடி வந்ததாகவோ, தீர்க்கதரிசி வந்ததாகவோ, தைலம் ஊற்றியதாகவோ எழுதப்படவில்லை. அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே பாருங்கள்: தாவீது "யூதாவின் பட்டணங்கள் ஒன்றுக்குப் போகலாமா" என்று கர்த்தரிடத்தில் விசாரிக்கிறான், எந்த ஊருக்கு என்றும் கேட்கிறான், எப்ரோன் என்று பதில் வருகிறது, யூதாவின் மனுஷர் வந்து அபிஷேகம் பண்ணுகிறார்கள். இரண்டு முடிசூட்டுகளையும் எழுத்தாளர் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். வாசிக்கிறவருக்கு வித்தியாசம் உடனே உறைக்கும்.

அப்னேர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1 சாமுவேல் 14:50-ன்படி நேர், சவுலின் சிறிய தகப்பன். ஆக அப்னேரும் சவுலும் அண்ணன் தம்பி முறை, இஸ்போசேத்துக்கு அப்னேர் நம் கணக்கில் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆவான். அப்பா இல்லாத வீட்டில், படை முழுவதையும் கையில் வைத்திருக்கிற பெரியவர் ஒருவர் வந்து "நீ இங்கே உட்கார்" என்கிறார். முடியாது என்று எப்படிச் சொல்வான்?

ஏன் மகனாயீம்? சவுலின் ஊர் கிபியா அல்லவா?

பென்யமீனில் இருந்த கிபியா அப்போது பாதுகாப்பான இடமாக இருந்திருக்காது. கில்போவாவுக்குப் பிறகு இஸ்ரவேலர் தங்கள் பட்டணங்களை விட்டு ஓடிப்போனார்கள், பெலிஸ்தர் வந்து அவைகளில் குடியிருந்தார்கள் என்று 1 சாமுவேல் 31:7 சொல்கிறது. மகனாயீம் யோர்தானுக்குக் கிழக்கே, யாப்போக்கு ஆற்றை ஒட்டிய கீலேயாத் பகுதியில் இருந்தது. யாக்கோபு தேவதூதர்களைக் கண்டு பெயரிட்ட இடம் அதுதான் (ஆதியாகமம் 32:2). பெலிஸ்தருக்குத் தூரம். கீலேயாத்தாருக்கு சவுல் மேல் பழைய நன்றியும் உண்டு, அவன் ராஜாவானதும் செய்த முதல் காரியமே அம்மோனியன் நாகாசிடமிருந்து யாபேசைக் காப்பாற்றியதுதான். பிற்பாடு தன் மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடின தாவீதும் இதே மகனாயீமில்தான் வந்து தங்கினான். ஓடி வருகிற ராஜாக்களுக்கு அது ஒரு தஞ்சம்.

இன்னொன்று. கீலேயாத், அஷூரியர், யெஸ்ரயேல், எப்பிராயீம், பென்யமீன், "இஸ்ரவேல் அனைத்தின்மேலும்" ராஜா என்று ஆறு பெயர் அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் யெஸ்ரயேல் பள்ளத்தாக்கு கில்போவாவின் அடிவாரம், பெலிஸ்தர் இப்போதுதான் ஜெயித்த பூமி. அங்கே இவன் சொல் எவ்வளவு செல்லுபடியாகியிருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இரண்டு வருஷமா, ஏழரை வருஷமா? கணக்கு இடிக்கிறதே?

ஆமாம், இடிக்கிறது. இஸ்போசேத் 40 வயதில் ராஜாவாகி 2 வருஷம் ஆண்டான் என்கிறது 2:10. அடுத்த வசனமே தாவீது எப்ரோனில் 7 வருஷமும் 6 மாதமும் இருந்தான் என்கிறது. இஸ்போசேத் செத்த பின்பு இஸ்ரவேலின் மூப்பர் எப்ரோனுக்கு வந்தார்கள் என்றால் மீதி ஐந்தரை வருஷம் எங்கே போயிற்று? பெலிஸ்தர் கையிலிருந்த பகுதிகளை அப்னேர் ஒவ்வொன்றாக மீட்க சில வருஷம் ஆனது, அதற்குப் பிறகுதான் இவனை முறைப்படி ராஜாவாக்கினான் என்பது ஒரு விளக்கம். இஸ்போசேத் செத்தபின் மூப்பர்கள் மனசைத் தேற்றிக்கொண்டு வர வருஷக்கணக்கானது என்பது இன்னொன்று. முதல் விளக்கம்தான் எனக்கு ஒத்துவருகிறது. தோற்றுச் சிதறிய படையோடு அப்னேர் மறுநாளே ஒரு ராஜ்யத்தை எழுப்பியிருக்க முடியாது.

அந்த 40 என்ற எண்ணும் பலரைக் குழப்புகிறது. தாவீது ராஜாவானபோது அவனுக்கு 30. அப்படியென்றால் இஸ்போசேத் தாவீதைவிட மூத்தவன். "சின்னப் பையன், விவரம் தெரியாதவன்" என்று சிலர் பிரசங்கத்தில் சொல்வதை வேதம் ஆதரிக்கவில்லை.

கிபியோன் குளத்தில் என்ன நடந்தது?

அப்னேர் ஒரு பக்கம், தாவீதின் படைத்தலைவனும் அக்காள் செருயாவின் மகனுமாகிய யோவாப் மறுபக்கம், நடுவில் குளம். வாலிபர் எழுந்து நமக்கு முன்பாகச் சிலம்பம் பண்ணட்டும் என்கிற தோரணையில் அப்னேர் சொல்ல, பக்கத்துக்கு 12 பேர் எழுந்தார்கள். ஒவ்வொருவனும் எதிராளியின் தலையைப் பிடித்து விலாவில் பட்டயத்தைச் செருகினான். 24 பேரும் ஒருமிக்க விழுந்தார்கள். ஒரே தகப்பன் வழி வந்த ஜனம், ஒரே மாதிரிக் கையைத் தூக்கி, ஒரே நேரத்தில். அதற்கப்புறம் மூண்ட சண்டையில் தாவீதின் பக்கம் ஆசகேலைத் தவிர 19 பேர், அப்னேரின் பக்கம் 360 பேர்.

ஆசகேல் யோவாபின் தம்பி, மான் மாதிரி ஓடக்கூடியவன். அப்னேரைத் துரத்தினான். அப்னேர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துச் சொல்கிறான்: விலகிப் போ, உன்னைக் கொன்றுவிட்டு உன் அண்ணன் யோவாபின் முகத்தில் எப்படி விழிப்பேன்? பையன் கேட்கவில்லை. அப்னேர் ஈட்டியின் பின்முனையால் குத்த, அது முதுகில் புறப்பட்டது. அந்தக் குத்துதான் பின்னால் அப்னேரின் சாவு, அதைத் தொடர்ந்து இஸ்போசேத்தின் சாவு என்று நீண்டது.

அந்தக் குளம் இன்னும் இருக்கிறதா என்று கேட்பார்கள். எருசலேமுக்கு வடமேற்கே எல் ஜிப் என்ற ஊரில் 1956-லிருந்து நடந்த அகழாய்வில், பாறையில் வட்டமாக வெட்டிய பெரிய நீர்க்குழி ஒன்று கிடைத்தது. சுமார் 11 மீட்டர் அகலம், சுற்றிச் சுற்றி இறங்கும் 79 படிகள். கிபியோன் என்று எழுத்துப் பொறித்த ஜாடிக் கைப்பிடிகளும் அங்கே கிடைத்தன, ஆகவே ஊர் எது என்பதில் சந்தேகமில்லை. இந்தக் குழிதான் அந்தக் குளம் என்று பலர் சொன்னாலும் அது உறுதியாக நிரூபிக்கப்பட்டதல்ல.

இந்தச் சண்டையில் இஸ்போசேத் எங்கே இருந்தான்? வசனத்தில் "இஸ்போசேத்தின் சேவகர்" என்று மட்டும்தான் வருகிறது. ஆள் இல்லை.

ரிஸ்பாள் விஷயம் என்ன? ஒரு பெண்ணுக்காக ராஜ்யத்தையே இழந்தானா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன், ஏனென்றால் இதில்தான் இஸ்போசேத்துக்கு அநியாயம் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

ரிஸ்பாள் சவுலின் மறுமனையாட்டி (முழு மனைவி அந்தஸ்து இல்லாத துணைவி), ஆயாவின் மகள். "நீ என் தகப்பனுடைய மறுமனையாட்டியினிடத்தில் ஏன் பிரவேசித்தாய்?" என்று இஸ்போசேத் அப்னேரைக் கேட்கிறான். முழு வேதாகமத்திலும் இஸ்போசேத் வாய்திறந்து பேசுகிற வாக்கியம் இது ஒன்றுதான். இதிலும் மூல எபிரெயத்தில் இந்த இடத்தில் அவன் பெயர் கிடையாது. "அவன் சொன்னான்" என்று மட்டும் இருக்கிறது, பெயரை மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை பேசினான், அங்கேயும் பெயர் விட்டுப்போயிற்று!

அது அற்பமான கேள்வியும் அல்ல. அந்தக் காலத்தில் ராஜாவின் மறுமனையாட்டியைச் சேர்ப்பது சிங்காசனத்துக்கு உரிமை கொண்டாடுவதற்குச் சமம். அப்சலோம் உப்பரிகையில் கூடாரம் போட்டு அப்பாவின் மறுமனையாட்டிகளிடம் போனது அதற்காகத்தான். பின்னால் சாலொமோனின் அண்ணன் அதோனியா, தாவீதின் கடைசி நாட்களில் அவனுக்குப் பணிவிடை செய்த அபிஷாகை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டபோது சாலொமோன் தன் தாயிடம் "ராஜ்யபாரத்தையும் அவனுக்காகக் கேளும்" என்று சொல்லி அவனைக் கொன்றேபோட்டான். சாலொமோன் செய்தால் ஞானம், இஸ்போசேத் கேட்டால் மட்டும் அற்பத்தனமா? ராஜாவாக இருக்கிற எவனும் கேட்டே ஆகவேண்டிய கேள்வியைத்தான் இவன் கேட்டான். அப்னேர் பதிலில் "நான் அப்படிச் செய்யவில்லை" என்ற வார்த்தை இல்லை என்பதையும் கவனியுங்கள். நான் என்ன நாய்த்தலையா, உன் தகப்பன் வீட்டுக்கு இவ்வளவு தயவு செய்தேன், உன்னைத் தாவீதின் கையில் ஒப்புக்கொடுக்காமல் வைத்திருக்கிறேன், ஒரு பெண்ணுக்காக என்மேல் குற்றம் பிடிக்கிறாயா என்று வெடித்துவிட்டு, ராஜ்யத்தை தாண் முதல் பெயெர்செபா வரை தாவீதுக்கு மாற்றிவிடுகிறேன் என்று ஆணையிட்டான். ராஜாவின் முகத்துக்கு நேரே.

அதற்கு இஸ்போசேத் என்ன செய்தான்? பயந்து, அப்புறம் ஒரு பேச்சும் பேசவில்லை (3:11). கேள்வி சரி, கேட்க உரிமையும் உண்டு, கேட்டுவிட்டு நிற்க அவனுக்குக் கால் இல்லை. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த கை அப்னேருடையது.

மீகாளைத் தாவீதிடம் திருப்பி அனுப்பியது ஏன்?

அப்னேர் தாவீதுக்கு ஆள் அனுப்பினான், தாவீது ஒரே நிபந்தனை போட்டான்: சவுலின் மகள் மீகாள் வந்தால்தான் என் முகத்தைப் பார்க்கலாம். அதே கோரிக்கையை நேராக இஸ்போசேத்துக்கும் அனுப்பினான். மீகாள் இஸ்போசேத்தின் உடன்பிறந்தவள், தாவீதின் முதல் மனைவி, சவுல் அவளைப் பிரித்து லாயிசின் மகன் பல்த்தியேலுக்குக் கொடுத்திருந்தான். மீகாள் திரும்பினால் தாவீது மறுபடியும் சவுல் வீட்டு மருமகன், வாரிசு உரிமை பேசலாம். எதிரி ராஜா கேட்கிறான், இவன் ஆள் அனுப்பித் தன் கூடப்பிறந்தவளைக் கொடுக்கிறான். இஸ்போசேத் ராஜாவாகப் போட்ட ஒரே உத்தரவு இதுதான். அதுவும் எதிராளிக்குச் சாதகமான உத்தரவு.

பல்த்தியேல் பகூரிம் வரைக்கும் அவள் பின்னாலேயே அழுதுகொண்டு நடந்து வந்தான். அப்னேர் "திரும்பிப் போ" என்றான், போய்விட்டான். மீகாள் அழுதாளா என்று யாரும் எழுதவில்லை.

அப்னேர் செத்ததும் ஏன் எல்லாம் சரிந்தது?

அப்னேர் 20 பேரோடு எப்ரோனுக்கு வந்து விருந்து சாப்பிட்டு, சமாதானமாய்ப் புறப்பட்டான். யோவாப் அவனை சீரா என்னும் துரவிலிருந்து திருப்பி வரவழைத்து, ஒலிமுக வாசலில் தனியே பேசுகிறவன் போல ஒதுக்கிக் கொண்டுபோய், வயிற்றில் குத்திக் கொன்றான், ஆசகேலின் பழிக்காக. தாவீது பாடையின் பின்னால் நடந்தான், கல்லறையில் சத்தமிட்டு அழுதான், அன்று சாப்பிடவும் இல்லை.

மகனாயீமில் சேதி வந்தபோது சவுலின் மகனுக்குக் "கைகள் திடனற்றுப்போயிற்று" (4:1). இங்கேயும் எபிரெயத்தில் பெயர் இல்லை, "சவுலின் குமாரன்" தான். தனக்குத் துரோகம் செய்யப் புறப்பட்டவன் செத்ததற்கு இவன் கை ஏன் தளர வேண்டும்? அவன் இல்லாமல் இவன் இல்லை என்பது இவனுக்கே தெரியும், அதனால்தான்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அதே நாட்களில் தாவீதும் தன் ஊழியக்காரரிடம், நான் அபிஷேகம் பண்ணப்பட்டவனாயிருந்தும் பலவீனன், செருயாவின் குமாரர் என் பலத்துக்கு மிஞ்சினவர்கள் என்று சொல்கிறான் (3:39). யோவாபைத் தண்டிக்க அவனால் முடியவில்லை, சாகும்வரை முடியவில்லை. படைத்தலைவனுக்குப் பயந்த ராஜா இஸ்போசேத் ஒருவன் மட்டும் இல்லை. ஆனால் தாவீதுக்கு எப்ரோனில் ஆறு மனைவிகளிடம் ஆறு மகன்கள், அவர்களில் ஒருத்தி கேசூர் ராஜா தல்மாயின் மகள். கேசூர், இஸ்போசேத்தின் எல்லைக்கு வடக்கே. யாபேஸ் கீலேயாத்துக்கும் தாவீது முதலிலேயே வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டான். தாவீது மெதுவாக எல்லாப் பக்கமும் உறவு வளர்த்துக்கொண்டிருந்தான். இஸ்போசேத்துக்கு மனைவி, பிள்ளை, நண்பன், தீர்க்கதரிசி என்று ஒருவர் பெயரும் பதிவில் இல்லை.

கொன்றது யார்? எப்படி?

அவனுடைய படைத்தலைவர்கள் இருவர்: ரேகாப், பானா. பேரோத் ஊரான் ரிம்மோனின் மகன்கள், பென்யமீன் கணக்கில் சேர்ந்தவர்கள், சொந்தக் கோத்திரம்தான். பேரோத் பழைய கிபியோனியரின் நான்கு ஊர்களில் ஒன்று. சவுல் கிபியோனியரை அழிக்கத் தேடினான் என்று 2 சாமுவேல் 21 சொல்வதால் இதில் பழைய பகையும் கலந்திருக்கலாம் என்பது என் யூகம். வேதம் காட்டுகிற நோக்கம் பரிசு.

வெயில் ஏறிய நேரம். இஸ்போசேத் மத்தியானப் படுக்கையில் இருந்தான். கோதுமை வாங்க வருகிறவர்கள் போல நடுவீடு வரை வந்து வயிற்றில் குத்தினார்கள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இதே இடத்தில் இன்னொரு காட்சி: வாசலைக் காக்கிற பெண் கோதுமை புடைத்துக்கொண்டே தூங்கி விழுந்துவிட்டாள், அவர்கள் நழுவி உள்ளே போனார்கள். ஒரு ராஜாவின் அரண்மனைக்குக் காவல், முறத்தோடு கண் அயர்ந்த ஒரு பெண். அப்புறம் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு ராமுழுதும் அந்தரவெளியாய் (யோர்தான் சமவெளி வழியாய்) நடந்து எப்ரோனுக்குப் போனார்கள்.

பகலில் தூங்கினான் என்பதை வைத்து "சோம்பேறி ராஜா" என்று பிரசங்கம் செய்கிறவர்கள் உண்டு. யோர்தான் பக்கத்து உச்சிவெயிலில் எல்லோரும் படுப்பார்கள். தாவீதும் ஒரு சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்துதான் உப்பரிகையில் உலாவினான், அந்தக் கதை நமக்குத் தெரியும்.

இதில் தாவீதுக்குப் பங்கு உண்டா?

லாபம் முழுவதும் தாவீதுக்கு, அதில் சந்தேகமில்லை. பின்னால் சவுல் குடும்பத்தானாகிய சீமேயி கல்லெறிந்து, "சவுல் வீட்டாரின் இரத்தப்பழி உன்மேல்" என்று தூஷித்தான். அது நடந்த இடமும் பகூரிம்தான், பல்த்தியேல் அழுது திரும்பிய அதே ஊர். ஆகவே அந்தக் காலத்திலேயே அப்படி நம்பியவர்கள் இருந்தார்கள். ஆனாலும் தாவீது கொல்லச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கதையில் இல்லை. தலையைக் கொண்டுவந்தவர்களிடம் அவன், சிக்லாகில் சவுலின் சாவைச் சொல்லி வந்தவனுக்கு என்ன கொடுத்தேன் தெரியுமா, அவனைக் கொன்றுபோட்டேன் என்று சொல்லி, "தன் வீட்டிற்குள் தன் படுக்கையின்மேல் படுத்திருந்த நீதிமானை" கொன்ற உங்களுக்கு இன்னும் எவ்வளவு என்றான். இருவரையும் கொன்று, கைகால்களைத் தறித்து எப்ரோன் குளத்தண்டையில் தொங்கவிட்டார்கள்.

நீதிமான். இஸ்போசேத்தைப் பற்றி வேதத்தில் யாரும் சொன்ன நல்ல வார்த்தை இது ஒன்றே, அதைச் சொன்னவன் அவனுடைய எதிரி ராஜா. எனக்கு இந்த ஒரு வார்த்தைக்காகவே தாவீதைப் பிடிக்கும்.

எஸ்பால் என்பதும் இவன்தானா?

ஆமாம். 1 நாளாகமம் 8:33, 9:39 இரண்டிலும் சவுலின் மகன் எஸ்பால் என்று வருகிறது. எஸ்பால் என்ற பெயரில் இருக்கிற பாகால் என்றால் எஜமான், முற்காலத்தில் தேவனையும் அப்படி அழைத்திருக்கலாம். பிற்பாடு அது விக்கிரகத்தின் பெயராக அருவருக்கப்பட்டபோது "போசேத்", அதாவது வெட்கம், என்று மாற்றி எழுதினார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. யோனத்தானின் மகன் மேரிபால் மேவிபோசேத் ஆனதும் அப்படியே. ஆக "வெட்கத்தின் மனுஷன்" என்பது அவன் அப்பா வைத்த பெயராக இருந்திருக்காது.

ஏலா பள்ளத்தாக்கின் மேலே கிர்பெத் கெயாபா என்ற இடத்தில் 2012-ல் உடைந்து கிடந்த ஒரு பெரிய ஜாடியை ஒட்டவைத்தபோது, சுடுவதற்கு முன்பே மண்ணில் கீறிய எழுத்துகளில் "எஸ்பால், பேதாவின் மகன்" என்று இருந்தது, 2015-ல் அறிவித்தார்கள். இவன் அல்ல, அப்பா பெயர் வேறு. ஆனால் சுமார் 3000 வருஷத்துக்கு முன் அந்த ஊரில் ஆட்கள் வெட்கமில்லாமல் வைத்துக்கொண்ட பெயர் அது என்று தெரிகிறது.

இவனைப் போல வேறு போட்டி ராஜாக்கள் உண்டா?

கீனாத்தின் மகன் திப்னி. ஜனத்தில் பாதி அவனுக்கும் பாதி உம்ரிக்கும் பின்சென்றார்கள், உம்ரியின் பக்கம் பலத்தது, திப்னி செத்தான் (1 இராஜாக்கள் 16:21-22). இரண்டே வசனம். இஸ்போசேத்துக்காவது மூன்று அதிகாரம் கிடைத்தது.

சவுல் குடும்பத்தில் பிறகு யார் மிஞ்சினார்கள்?

யோனத்தானின் மகன் மேவிபோசேத், கில்போவா சேதி வந்த நாளில் ஐந்து வயது, தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து முடமானவன். தாவீது அவனைத் தன் பந்தியில் வைத்துக்கொண்டான். ரிஸ்பாளின் இரண்டு மகன்களையும் சவுலின் பேரன்மார் ஐந்து பேரையும் தாவீது கிபியோனியர் கையில் ஒப்புக்கொடுக்க, அவர்கள் மலையில் தூக்கிலிட்டார்கள். வாற்கோதுமை அறுப்பு தொடங்கினதிலிருந்து மழை பெய்யும் வரை ரிஸ்பாள் பாறையில் இரட்டுத் துணியை விரித்து உட்கார்ந்து, பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் அந்த உடல்களின் பக்கம் வரவிடாமல் விரட்டினாள். அப்னேரும் இஸ்போசேத்தும் யாரைப் பற்றிச் சண்டை போட்டார்களோ அந்தப் பெண்தான். அந்தச் சண்டையில் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இஸ்போசேத்தை எங்கே அடக்கம் பண்ணினார்கள்?

தலையை மட்டும் எப்ரோனில், அப்னேரின் கல்லறையில். இன்றும் எப்ரோனில் முற்பிதாக்களின் குகைக்குப் பக்கத்தில் அப்னேரின் கல்லறை என்று ஓரிடத்தைக் காட்டுகிறார்கள். உடல் மகனாயீமில் என்ன ஆயிற்று என்று எழுதப்படவில்லை. ரிஸ்பாள் செய்ததைக் கேள்விப்பட்ட பிறகு தாவீது சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் யாபேசிலிருந்து எடுத்து வந்து, பென்யமீன் தேசத்துச் சேலாவில், சவுலின் தகப்பன் கீசின் கல்லறையில் அடக்கம் பண்ணினான். எப்ரோனில் இருந்த தலையை எடுத்துப் போனதாக அந்த வசனத்தில் இல்லை.